உரம் தேவைப்படாத தண்ணீர்

ஜூன் 12, திங்கள்

இன்று முதல் எனக்கு வேலை இல்லை. போய்விடவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பணியிடை நீக்கம். காரணம், மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தொரு வருடம் குப்பி கழுவி, சொட்டு எண்ணி, கையெழுத்துப் போட்டவளுக்கு இந்த ஒரு வரிதான் மிச்சம்.

நடந்தது இவ்வளவுதான். சங்கன்குளம் கிராமத்து மேல்நிலைத் தொட்டியிலிருந்து மே மாதம் பரிசோதனைக்குத் தண்ணீர் வந்தது. அதில் நைட்ரேட் லிட்டருக்கு 96 மில்லிகிராம். நாற்பத்தைந்துக்கு மேல் போனாலே குடிக்க ஆகாது. என் மேலதிகாரி நல்லபெருமாள் சார் 40 என்று எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை.

விஷயம் அதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா வந்து, போகட்டும், வீட்டில் இருந்து சீரியல் பாரு என்று ஆறுதல் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மொட்டைமாடிக்குப் போய், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன இரண்டடி மீன்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தேய்த்துக் கழுவினேன்.

ஜூன் 14, புதன்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பர்வீன் மீன்கடை. அவளுக்கு முப்பது வயது இருக்கும். மீன் எது வேண்டும் என்று கேட்டாள். மீன் வேண்டாம், செடி வேண்டும் என்றேன். ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு ரொட்டாலா என்ற தண்டுச்செடியைக் கட்டுக்கட்டாக எடுத்துப் போட்டாள். மெல்லிய தண்டு, கணுவுக்குக் கணு சின்ன இலை.

“கட்டோட நட்டுறாதீங்கக்கா, நடுவுல அழுகிரும். ஒவ்வொரு தண்டாப் பிரிச்சு, வெரக்கடை இடம் விட்டு நடுங்க.”

ஜூன் 15, வியாழன்

அறுபத்திரண்டு தண்டுகள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இடுக்கியால் பிடித்து, மணலில் சாய்வாகச் செருகி, நிமிர்த்தி. பாதி மிதந்து மேலே வந்தன. திரும்ப நட்டேன். திரும்பவும் வந்தன. நானா நீயா பார்த்துவிடலாம் என்று மூன்று மணி நேரம் நின்றேன். இப்போது எல்லாம் உள்ளே நிற்கின்றன. இடுப்புதான் நிற்கவில்லை.

ஜூன் 22, வியாழன்

இலைகள் கரைகின்றன. வெந்த கீரை மாதிரி வழுவழுவென்று உதிர்கின்றன. கதிரேசன் எட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடச் சொன்னார். என் கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வராத கணக்கை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர்.

பர்வீனுக்குப் போன் போட்டேன். கடைக்கு வரும் செடிகளைப் பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்க்கிறார்களாம். அந்த இலை தண்ணீருக்குள் நிற்காது, கரையத்தான் செய்யும், நுனியில் புது இலை வந்தால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம் என்றாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்பது தண்டில் வந்திருக்கிறது.

நல்லபெருமாள் சாரும் போன் செய்தார். மிக அன்பாகப் பேசினார். “தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா, மீதியை நான் பாத்துக்கறேன்.” தெரிந்துதான் நடந்தது சார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 4, செவ்வாய்

எல்லாம் பிடித்துவிட்டன. எட்டு மணி நேரம் விளக்கு. பிளாஸ்டிக் பாட்டிலில் எலுமிச்சை உப்பும் சமையல் சோடாவும் கலந்து, குழாய் வழியாகக் கரியமில வாயு. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம்.

எங்கள் நகரத்துக் குழாயில் ஆற்றுத் தண்ணீர். நைட்ரேட் 5கூட இல்லை. செடிக்கு அது போதாது. கடையில் வாங்கிய நைட்ரேட் உரத்தை நானே அளந்து ஊற்றுகிறேன். ஆயுள் முழுக்கத் தண்ணீரில் எது இருக்கக் கூடாது என்று தேடினேனோ, அதையே என் கையால் ஊற்றுகிறேன். தனியாக நின்று சிரித்தேன்.

ஜூலை 11, செவ்வாய்

சங்கன்குளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சந்தனமாரி, அங்கன்வாடிப் பணியாளர். கையில் ஐந்து லிட்டர் கேன். பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கையெழுத்துப் போட மறுத்தது அவள் காதுக்கு எட்டியிருக்கிறது.

சித்திரையில் அவளுடைய மையத்தில் பதிவான மூன்று மாதக் குழந்தைக்கு உதடும் நகமும் நீலமாகிப்போனதாம். பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள். பிழைத்துக்கொண்டது. தாய்க்குப் பால் இல்லாததால் பால்பவுடர் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறார். நைட்ரேட் கூடினால் பச்சைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது.

“பழைய போர்த்தண்ணி உப்பு மேடம். புதுசு இனிக்கும். எல்லாரும் கொண்டாடுனோம். மாசி மாசம் நல்ல தண்ணின்னு உங்க ஆபீஸ்லேருந்து சீட்டும் வந்துச்சு. கிறுக்கல் கையெழுத்து, அதைக் குடுத்த மகராசன் யாருன்னுதான் தெரியல.”

டீ போட்டுக் கொடுத்தேன். கேனை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு தொட்டியின் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டினேன். நன்றாகப் போய்விட்டது.

ஜூலை 12, புதன்

ஆய்வகம் கிடையாது. மீன்தொட்டிக்கு விற்கும் பரிசோதனைச் சொட்டுகள் இருக்கின்றன. மஞ்சளாக நின்றால் நல்லது. ஆரஞ்சு, சிவப்பு என்று போகப் போகக் கெடுதல். சந்தனமாரியின் தண்ணீர் குங்குமச் சிவப்பாகிவிட்டது, அளவு அட்டையிலேயே அந்த நிறம் இல்லை. ஒரு பங்குக்கு ஒரு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி பார்த்தேன். நூறை ஒட்டி வருகிறது.

மிச்சத் தண்ணீரைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. ஊறுகாய் ஜாடி அளவு பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றில் ஊற்றி, பத்துத் தண்டுகளை அதில் நட்டேன். தொட்டிக்குப் பக்கத்திலேயே, அதே விளக்கின் கீழ்.

பிப்ரவரியில் என்ன நடந்தது என்பது இங்கே தேவையில்லை.

ஜூலை 26, புதன்

தொட்டிச் செடிக்கு ஒரு வாரம் உரம் ஊற்ற மறந்துவிட்டேன். நுனி சிவந்திருக்கிறது. அழகுதான், ஆனால் பசியில் வந்த சிவப்பு என்கிறாள் பர்வீன். நைட்ரேட் குறைந்தால் ரொட்டாலா சிவக்குமாம்.

ஜாடியில் நட்டது அப்படியில்லை. பச்சைப் பசேல் என்று, கொழுகொழுவென்று நிற்கிறது. வாரம் ஒரு கேன் சந்தனமாரி அனுப்பி வைக்கிறாள், மாற்றுகிறேன். அந்தத் தண்ணீருக்கு உரம் போட வேண்டியதே இல்லை.

பச்சைக்குழந்தைக்கு அதே தண்ணீரில்தான் பால் கரைத்தார்கள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நல்லபெருமாள் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆப்பிள், திராட்சை, தட்டச்சு செய்த கடிதம். வருத்தம் தெரிவிக்கிறேன், பரிசோதனையில் பிழை நேர்ந்திருக்கலாம் என்று நான் எழுதியதாக அவர் எழுதியிருந்தார். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். முப்பதாம் தேதி விசாரணை. அதற்கு முன் கொடுத்துவிட்டால் மறுநாளே வேலையில் சேரலாமாம்.

தொட்டியைப் பார்த்து அசந்துபோனார். செடி மேல்மட்டம் வரை வளர்ந்து, மடங்கி, பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. “அடடா, காடு மாதிரி இருக்கே” என்றார். ஜாடியையும் காட்டினேன். சங்கன்குளத்துத் தண்ணீர் என்று சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை. “பாத்தியா, செடி எவ்வளவு செழிப்பா வருது. இதைப் போயி கெட்ட தண்ணின்னு சொல்லுறியே.”

செடியும் சிசுவும் ஒன்றா என்று கேட்க நினைத்தேன். அவர் வேதியியல் முதுகலை. தெரியாதவருக்குச் சொல்லலாம்.

கதிரேசன் அவரை வாசல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து, கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தார்.

ஆகஸ்ட் 7, திங்கள்

பர்வீன் மணல் மூட்டை கொடுக்க வந்தாள். எல்லோரும் நின்று பார்ப்பார்கள், இவள் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தாள்.

“மேல பாத்து ஏமாந்துட்டீங்கக்கா. கீழ பாருங்க.”

குனிந்து பார்த்தேன். கீழே ஒரு இலை இல்லை. பழுப்புத் தண்டுகள், சில கறுத்து நைந்திருந்தன. மேலே படர்ந்த பச்சை வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டு, அடியைப் பட்டினி போட்டிருக்கிறது.

ஏன் இன்னும் வெட்டவில்லை என்று கேட்டாள். வளர்ந்ததை வெட்ட மனசு வரவில்லை என்றேன். “எல்லாரும் பண்ற தப்புதான். மனசு வராதவங்க தொட்டி மொத்தமும் ஒருநாள் வேரோட மெதக்கும். பாதிக்குப் பாதி வெட்டுங்க. வெட்டுன நுனியைத் திரும்ப நட்டா அது தனிச் செடி. அடிக்கட்டையை விட்டுருங்க, கணுவுலேருந்து ரெண்டு ரெண்டாத் தளிர்க்கும். அப்பதான் புதரா அடையும்.”

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வெட்டவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

சந்தனமாரி வந்திருந்தாள். கேன் கொண்டுவரவில்லை. பேசத்தான் வந்தாள். அவளுக்குத் தூக்கம் இல்லையாம், கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கிடக்கிறது.

“நான்தான் மேடம் அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட, தண்ணிய நல்லா சுண்டக் கொதிக்க வச்சுப் பால் கரைன்னு சொன்னேன். கூட்டத்துல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாக. இப்ப ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லுது, கொதிக்கக் கொதிக்க அந்தக் கெட்டது கூடும்னு. என் வாயாலயே அந்தப் புள்ளைக்கு வெசம் வச்சுட்டேனா?”

நர்ஸ் சொன்னது சரிதான். கிருமி செத்துப்போகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக அது அடர்த்தியாகும்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

மாசி மாதத்துச் சீட்டைக் கொடுத்த மகராசன் நான்தான்.

பிப்ரவரி 21. புதிய குடிநீர்த் திட்டத்துக்கு மூன்று நாளில் திறப்பு விழா. பந்தல் போட்டாகிவிட்டது. பரிசோதனையில் 78 வந்தது. விழா முடியட்டும், பிறகு வேறு போர் போட்டுவிடுவார்கள் என்றார் நல்லபெருமாள் சார். நம்பினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நம்பவில்லை. சண்டை போடச் சோம்பல், அவ்வளவுதான். 38 என்று எழுதி, எழிலரசி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் கேன்டீனில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன்.

மே மாதம் மறுத்தேனே, அதைத்தான் இரண்டு மாதமாக எல்லோரும் புகழ்கிறார்கள். நேர்மையான அம்மா என்கிறான் பால்காரன். நானும் அந்தப் புகழ்ச்சியில் நன்றாகப் படர்ந்து கிடந்தேன்.

காலையில் கத்தரிக்கோலைக் கொதிநீரில் கழுவிக்கொண்டு தொட்டி முன் நின்றேன். கணுவுக்குச் சற்று மேலே, ஒன்று விடாமல் வெட்டினேன். நைந்த கட்டைகளைப் பிடுங்கி எறிந்தேன். நல்ல நுனிகளை நட்டேன். சாயங்காலம் கதிரேசன் வந்து பார்த்துவிட்டு, “என்ன எழில், நல்லா இருந்ததை இப்படி மொட்டையடிச்சு வச்சிருக்க” என்றார். நல்லா இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சந்தனமாரியை வரச்சொல்லி, அவளிடம் சொன்னேன்.

புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப நான் கொதிக்க வைக்கச் சொன்னது?”

“நல்ல தண்ணின்னு சீட்டு இருக்கும்போது அது சரியான யோசனைதான். சீட்டுதான் பொய். தப்பு உங்களது இல்ல சந்தனமாரி, என்னோடது.”

“இதே நாற்காலியில உக்காந்துதான மேடம் அழுதேன். எதுக்க நின்னு டீ ஆத்திக் குடுத்தீகளே.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். காலிக் கேன்கள் நான்கையும் எடுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு போய்விட்டாள். இன்று போட்ட டீ அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அறுவடை முடிந்த கொல்லை மாதிரி தொட்டி. வெறும் கட்டைகள். வருகிறவர்கள் யாரும் இப்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. தண்ணீர் மாற்றினேன். உரம் ஊற்றினேன்.

கதிரேசனிடம் பிப்ரவரியைப் பற்றிச் சொல்லிவிட்டேன், விசாரணையில் சொல்லப்போகிறேன் என்பதையும். யாரும் கேட்காததை நீயாக ஏன் சொல்ல வேண்டும் என்றார். வேலையே போய்விடும் என்றார். பயத்தில் பேசுகிறார் என்று தெரிகிறது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். உப்புக் கிண்ணத்தின் அடியிலிருந்த கடிதத்தை அவர் கண்முன்னாலேயே எடுத்து, தொட்டிக்கு அடியில் ஈரம் உறிஞ்சப் போட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

வெட்டிய இடத்துக்குக் கீழே, ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பச்சைப் பொட்டு. எண்ணினேன். நாற்பத்தொரு கட்டையில் முப்பத்தெட்டு துளிர்த்துவிட்டன.

ஆகஸ்ட் 30, புதன்

விசாரணை. வேறு மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, வெற்றிலை போடுகிறவர், பொறுமையானவர். தட்டச்சருக்கு ஒரு மேசை. நல்லபெருமாள் சார் எனக்கு எதிரே, இஸ்திரி மடிப்புக் கலையாமல்.

மே மாதம் உத்தரவை மறுத்தது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். வருத்தம் தெரிவிக்கிறீர்களா என்று கேட்டார். நல்லபெருமாள் சார் நாற்காலி நுனிக்கு வந்தார்.

“மே மாசம் கையெழுத்துப் போடாததுக்கு வருத்தம் இல்ல சார். பிப்ரவரியில போட்டதுக்குத்தான் வருத்தம். அதையும் பதிவு பண்ணிக்கோங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். அது குற்றச்சாட்டில் இல்லையே என்றார். சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆய்வகத்தின் முதல் பதிவேட்டில் நூற்றுப்பதினான்காம் பக்கம், என் கையால் 78 என்று மையில் எழுதியிருக்கிறது. அலுவலகம் அனுப்பிய சீட்டில் 38 இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். ஆள் அனுப்பிப் பதிவேட்டை வரவழைத்தார். அது வருவதற்குள் நல்லபெருமாள் சார் இரண்டு முறை தண்ணீர் குடித்தார், பாட்டில் தண்ணீர்.

பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதிகாரி குரலைத் தணித்துக்கொண்டார். “அம்மா, இது உங்களுக்கே எதிராப் போகும். யோசிச்சுச் சொல்லுங்க. மாத்தி எழுதச் சொன்னது யாரு?”

“அதையும் சொல்றேன் சார். ஆனா எழுதுன கை என்னோடது. மொதல்ல அதைப் போடுங்க. எழிலரசின்னு தெளிவா அடிக்கச் சொல்லுங்க.”

தட்டச்சர் அடித்தார். வாசித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது கால் வலித்தது, வேறொன்றும் இல்லை. பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பசித்தது. எலுமிச்சை சாதம் மட்டும் வேண்டாம் என்று இரண்டு தோசை சாப்பிட்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

இரண்டாவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பொய்யான பரிசோதனைச் சான்று அளித்தமை. முதலாவதைக் குற்றம் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. இதை ஒரே வரியில் ஒத்துக்கொண்டு பதில் அனுப்பினேன். நல்லபெருமாள் சாருக்கும் ஒன்று போயிருக்கிறதாம். சங்கன்குளத்துப் போரை மூடி, லாரியில் தண்ணீர் விடுகிறார்கள் என்று பேப்பரில் நான்கு வரிச் செய்தி. கதிரேசன்தான் எடுத்து வந்து காட்டினார். வெட்டி ஒட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், ஆனால் கேட்டது பிடித்திருந்தது.

தொட்டி புதராக அடைந்துவிட்டது. அடியிலிருந்தே இலை. பர்வீன் வந்து, வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நுனிக்கட்டுகளைத் தன் கடைக்கு வெட்டித் தரச் சொன்னாள். இனி தரலாம். வெட்டத் தெரிந்துவிட்டது.

அக்டோபர் 9, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கேன். ஆள் இல்லை. முதல் பேருந்தில் யாரிடமோ கொடுத்துவிட்டிருக்கிறாள். மூடியில் நூல் கட்டி ஒரு துண்டுச் சீட்டு.

“ஆத்துத்தண்ணி குழாய் வந்துருக்கு. நல்ல தண்ணின்னு ஆபீஸ் சீட்டும் வந்துருக்கு. சீட்டை நான் நம்பல. நீங்க பாத்துச் சொல்லுங்க. மாரி.”

நலமா என்று இல்லை. மேடம் என்று இல்லை. நான் அதைத் தேடவும் இல்லை. மூன்று முறை பரிசோதித்தேன். மூன்று சோதனைக் குழாயும் மஞ்சள், எலுமிச்சம்பழ மஞ்சள். போனில் சொன்னேன். ம் என்றாள். பிறகு, வாரா வாரம் அனுப்புவேன் என்றாள். அனுப்புங்க என்றேன்.

நவம்பர் 2, வியாழன்

வேலை பற்றி இன்னும் ஆணை வரவில்லை. போகலாம், பதவி இறங்கலாம். வருவது வரட்டும். வந்ததும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.

நான்கு வாரமாக ஜாடியில் சந்தனமாரியின் புதுத் தண்ணீரைத்தான் மாற்றுகிறேன். கொழுகொழுவென்று நின்ற பச்சை வெளுத்துவிட்டது. இலை சிறுத்து, நுனியெல்லாம் சிவந்து நிற்கிறது. அதற்கு உரம் ஊற்றவா என்று கதிரேசன் கேட்டார், பாவம், தானாகவே பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

வேண்டாம் என்றேன். சங்கன்குளத்துத் தண்ணீரில் செடி பசித்துக் கிடக்கிறது. கிடக்கட்டும்.